கட்டில் காலில் ஒரு முடிச்சு

எம்.எஸ். பொது அறுவை சிகிச்சையில் இடம் கிடைத்ததும் புது ரெசிடென்ட் செய்யும் முதல் காரியம், புத்தகம் வாங்குவது. சபிஸ்டன், ஷ்வார்ட்ஸ், மெயின்காட் என்று ஹாஸ்டல் அலமாரி நிரம்பிவிடும். மூன்று ஆண்டுகளில் பாதிப் பக்கங்கள்கூடப் புரட்டப்படாது. சோம்பல் அல்ல காரணம். காலை ரவுண்ட்ஸுக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும், கட்டு மாற்ற வேண்டும், ஸ்கேன் ரிப்போர்ட்டைத் துரத்த வேண்டும். தொடர் பணி வழக்கமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் ரெசிடென்சி விதிகள் 1992லேயே சொல்லிவிட்டன. அந்தச் செய்தி பல வார்டுகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆகவே, கிடைக்கும் அரை மணி நேரத்தில் எதைத் திறப்பது என்பதுதான் கேள்வி.

முதல் ஆறு மாதத்துக்கு, எம்.பி.பி.எஸ்.ஸில் படித்த அதே பெய்லி அண்ட் லவ் போதும். 1932ல் ஹாமில்டன் பெய்லியும் மெக்நீல் லவ்வும் எழுதிய புத்தகம். 28வது பதிப்பைக் கண்டுவிட்டது. டைஃபாய்டில் குடலில் விழும் ஓட்டை, கல்லீரலில் அமீபா சீழ்க்கட்டி, குடல் காசநோய் எல்லாம் இந்திய வார்டுகளுக்குப் பழக்கமானவை. அமெரிக்கப் புத்தகங்கள் போகிறபோக்கில் தொடுவதை இது உட்கார்ந்து பேசுகிறது. நோயாளியைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க, கல்கத்தா எஸ். தாஸின் கிளினிகல் சர்ஜரி. ஸ்கேன் காலத்தில் இது எதற்கு என்பவர்களுக்கு மாவட்ட மருத்துவமனையில் பதில் கிடைக்கும். முதுநிலை மாணவர்கள் 3 மாதம் அங்கே பணியாற்றுவது இப்போது கட்டாயம். இரவு 2 மணிக்கு ஸ்கேன் அறை பூட்டிக் கிடந்தால், வயிறு பலகைபோல் இறுகியிருக்கிறதா என்று சொல்ல வேண்டியவை விரல்கள்தான்.

ஆபரேஷனுக்கு ஸோலிங்கரின் அட்லஸ். ஒரு பக்கம் படம், எதிர்ப் பக்கம் விளக்கம். நாளைய லிஸ்டில் ஹெர்னியா இருந்தால் இன்றிரவு அந்தச் சில பக்கங்கள் மட்டும். ரிட்ராக்டர் பிடித்து நிற்கையில் சீனியர் கேட்பார்: "இது என்ன நரம்பு?" இலியோ இங்குவினல் என்று சட்டென்று பதில் வந்தால் அடுத்த தையல் ஜூனியர் கைக்கு வரலாம். வராவிட்டால் ரிட்ராக்டர்தான்.

வீடியோக்களிடம் மட்டும் ஜாக்கிரதை தேவை. லாப்ராஸ்கோபியில் பித்தப்பை சில நிமிடங்களில், ரத்தமே இல்லாமல் வெளியே வந்துவிடுகிறது. எல்லாம் கத்தரித்து ஒட்டியது. ஒட்டிக் கிடக்கும் திசுவும், புகை படிந்த லென்ஸும், எந்தக் குழாய் எது என்று புரியாத தடுமாற்றமும் அதில் இல்லை. ஆபத்து அங்கேதான். பித்தப்பைக் குழாய் என்று நினைத்துப் பொதுப் பித்தக்குழாயை வெட்டிவிட்டால் நோயாளிக்கு ஆண்டுக்கணக்கில் அவதி. ஒரு குழாய், ஒரு தமனி, இரண்டு மட்டுமே பித்தப்பைக்குள் போகின்றன என்று கண்ணால் கண்ட பிறகே வெட்ட வேண்டும் என்ற நெறியை அமெரிக்காவின் ஸ்ட்ராஸ்பெர்க் 1995ல் பெயரிட்டு வகுத்தார். வீடியோ பார்ப்பவர் அந்தக் கட்டத்தில் நிறுத்தி, இரண்டையும் எண்ணிப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

காசில்லாத பாடங்களும் உண்டு. பழைய கேஸ் ஷீட்கள். யூனிட்டில் இறந்தவர்களைப் பற்றி மாதந்தோறும் நடக்கும் ஆய்வுக் கூட்டம். ஜூனியர்கள் கடைசி வரிசையில் தூங்கிவிடுவது அங்கேதான். அப்புறம், தியேட்டரில் மிஞ்சிய தையல் நூல். கட்டில் காலில் சுற்றி, ஒற்றைக் கையால், பார்க்காமலே முடிச்சு விழும்வரை.