வேலைச் சீட்டில் ஒரு வரி

வங்கிப் பணியில் இருபது ஆண்டுகளைக் கடந்த எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தாளில் கையெழுத்திட நேர்ந்தாலும், விவரம் என்ற இடத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று படிக்காமல் பேனாவை எடுப்பதில்லை. விவரம் எழுதப்படாத வவுச்சரைத் தணிக்கையாளர் ஏற்கமாட்டார். இப்பழக்கம் அலுவலகத்துக்கு வெளியேயும் பயன்படும் என்பதைச் சென்ற ஆண்டு அறிந்துகொண்டேன்.

என் மகள் பெங்களூரில் கட்டடக்கலை பயில்கிறாள். முப்பரிமாண வரைபடங்களுக்குத் தனி கிராபிக்ஸ் சிப் உள்ள மடிக்கணினி வேண்டும் என்றாள். ரூ. 84,000 விலையுள்ள ஒன்றை 18 மாதத் தவணையில் வாங்கினோம். வாரண்டி ஓராண்டு. பதினோராவது மாதத்தில் திரையில் பச்சைக் கோடுகள் தோன்றின. பெரிய வரைபடத்தைத் திறந்தால் திரை இருண்டது. வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைத்துப் பார்த்தோம். அதிலும் அதே கோடுகள். கோளாறு திரையில் அன்று, படத்தை உருவாக்கும் சிப்பில் இருக்கிறது என்று ஊகிக்க அது போதுமானதாக இருந்தது.

பழுதுநீக்கு மையத்தில் இருந்த இளைஞர் வேலைச் சீட்டில் 'பொதுப் பராமரிப்பு' என்று எழுதி நீட்டினார். "திரையில் கோடுகள், வெளித்திரையிலும் அதே கோளாறு என்று எழுதுங்கள், தம்பி" என்றேன். "அதை எங்கள் இன்ஜினியர் பார்த்துக்கொள்வார், சார்" என்றார். "அவர் பார்க்கட்டும், நான் சொன்னதை நீங்கள் எழுதுங்கள்" என்றேன். சிறிது தயங்கி எழுதினார்.

நான்கு நாள்களில் கணினி திரும்பி வந்தது. விசிறியைத் தூய்மை செய்ததாகவும், கோளாறு ஏதும் தென்படவில்லை என்றும் கூறினார்கள். இரண்டு மாதம் கழித்து, இறுதித் திட்டப்பணியைச் சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது, அது அடியோடு நின்றுவிட்டது. அதற்குள் வாரண்டி முடிந்து மூன்று வாரமாகியிருந்தது. சிப், மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்றும், அதற்கு ரூ. 41,000 ஆகும் என்றும் சொன்னார்கள்.

இத்தகைய கோளாறின் இயல்பை நாம் புரிந்துகொள்ள வேண்டும். கிராபிக்ஸ் சிப் வேலை செய்யும்போது சூடாகிறது, ஓய்கையில் குளிர்கிறது. சிப்பும் அதன் அடியிலுள்ள தகடும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், இடையிலுள்ள நுண்ணிய இணைப்புகளில் நாளடைவில் விரிசல் விழலாம். தொடக்கத்தில் கோளாறு வரும், போகும். பழுதுநீக்கு மேசையில் சிறிது நேரம் இயக்கிப் பார்த்தால் தெரியாமலே போகலாம். பயன்படுத்துவோர் தவறு செய்ததாக அதனாலேயே கருதிவிட முடியாது.

உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தனது பழைய மடிக்கணினிச் சிப்களில் சில வழக்கத்துக்கு மாறாகப் பழுதாவதாகவும், சிப்பைப் பொதியும் பொருளின் பலவீனம் அதற்கு ஒரு காரணம் என்றும் அறிவித்தது. பழுதுநீக்கும் செலவுகளுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கப்போவதாகவும் கூறியது. சில கணினி நிறுவனங்கள் பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை நீட்டித்தன. 2015 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனமும், 2011 முதல் 2013 வரை விற்ற மேக்புக் ப்ரோ கணினிகளில் சிலவற்றுக்குத் திரைக்காட்சிக் கோளாறை இலவசமாகச் சரிசெய்ய முன்வந்தது. முன்பே பணம் கொடுத்துச் சரிசெய்தவர்களுக்கு அத்தொகையைத் திருப்பித் தரவும் ஏற்பாடு செய்தது. அப்படிப்பட்ட நாளில் பழைய ரசீதைப் பத்திரப்படுத்தியவருக்குக் கேட்பது எளிது.

எங்களுக்கு அந்த வேலைச் சீட்டு கைகொடுத்தது. கோளாறு வாரண்டிக் காலத்திலேயே தெரிவிக்கப்பட்டது, அதைச் சரிசெய்யாமல் திருப்பித் தந்தீர்கள் என்று சீட்டின் நகலுடன் மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வராததால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். பத்தொன்பதாம் நாள், கட்டணமின்றிப் போர்டை மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மகள் நகலெடுத்து வைக்காத இரண்டு வரைபடங்களைத் தோழியின் கணினியில் இரவு முழுவதும் விழித்திருந்து மீண்டும் வரைந்தாள். கணினி முடங்கிக் கிடந்த மாதத்திலும் தவணை உரிய நாளில் கணக்கிலிருந்து கழிந்தது.

உதவி எண்ணால் தீராவிட்டால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை ரூ. 5 லட்சத்துக்கு மேற்படாதிருந்தால் கட்டணம் இல்லை; பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். எனினும் எங்கே சென்றாலும் முதலில் கேட்கப்படுவது எழுத்துச் சான்றே. ஆகவே ரசீதையும் ஒவ்வொரு வேலைச் சீட்டையும் பாதுகாத்து வையுங்கள். கோளாறு தோன்றும்போதே தேதி தெரிய அலைபேசியில் படம் எடுங்கள். வாரண்டிக் காலத்தில் எஸ்.பி. சாலைக் கடைகளில் கொடுத்துத் திறக்க வேண்டாம். சிப்பைச் சூடேற்றி உயிர்ப்பிக்கும் வைத்தியம் பெரும்பாலும் சில காலமே தாங்கும். பிறர் திறந்ததைக் காட்டி நிறுவனம் வாரண்டியை மறுக்கவும் இடமாகும்.

வாடிக்கையாளர் விழிப்பாக இருந்தால் மட்டும் போதும் என்று நான் கருதவில்லை. 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுநீக்கும் உரிமை குறித்து ஆராயக் குழு அமைத்தது. அதற்கான இணையதளமும் அவ்வாண்டே தொடங்கப்பட்டது. அடுத்ததாக, கணினி பழுதுநீக்கு மையத்தில் கிடக்கும் நாள்களை வாரண்டிக் காலத்துடன் சேர்த்துத் தருவதை விதியாக்க வேண்டும். ஒரே கோளாறு மீண்டும் வந்தால் முதல் புகாரின் தேதியையே கணக்கில் கொள்ள வேண்டும்.

வங்கியாளர்களாகிய நாமும் ஒன்று செய்யலாம். கடன் கேட்டு வருபவரிடம் விலைப்பட்டியலைக் கேட்கிறோம். வாரண்டி எத்தனை மாதம் என்று கேட்பதில்லை. ஓராண்டு வாரண்டியுள்ள பொருளுக்கு 18 மாதத் தவணை என்றால், கடைசி ஆறு மாதங்களில் பழுதானால் தவணையும் செலவும் ஒருங்கே வந்து சேரும். இயன்றால் தவணைக் காலத்தை வாரண்டிக்குள் அடக்குங்கள். இயலாவிட்டால் நீட்டித்த வாரண்டியின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள் என்று கடனில் கையெழுத்து வாங்கும் முன்பே நாம் சொல்லலாம். என் மகளின் கணினிக்குக் கடன் எடுத்தபோது நானே அதை எண்ணிப் பார்க்கவில்லை. இப்போது என் மேசைக்கு வரும் பெற்றோரிடம் அதைத்தான் முதலில் கேட்கிறேன்.