வயலுக்கு ஒரு நியாயம், வயிற்றுக்கு ஒரு நியாயமா?

என் வயலில் பூச்சிக்கொல்லி தெளித்துப் பதினாலு வருசம் ஆச்சு. ஆனால் போன மார்கழியில் சளி பிடித்தபோது நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீங்க. நேரே மருந்துக் கடைக்குப் போனேன். சீட்டு கிடையாது, மருத்துவரையும் பார்க்கவில்லை. அஞ்சு நாளைக்கு ஆண்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்க ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் சளி அப்படியே இருந்தது. வயிறு மட்டும் கெட்டுப்போச்சு.

மாத்திரை அட்டையைப் பார்த்த என் மகள் கேட்டாள்: "ஏம்ப்பா, புழுவுக்கு மருந்தடிச்சா நல்ல பூச்சியும் செத்துப்போகும்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. இந்த மாத்திரை மட்டும் கெட்ட கிருமியாப் பார்த்துப் பொறுக்கிக் கொல்லுமா?"

வாயடைத்துப் போனேன்.

சாதாரணச் சளி வைரசால் வருவது. ஆண்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரசை ஒன்றும் செய்யாது. அப்படியானால் என் மாத்திரை யாரைக் கொன்றது? என் குடலில் குடியிருந்தவர்களைத்தான்.

ஒரு மனித உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் சொந்தச் செல்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இவற்றில் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. நம்மால் செரிக்க முடியாத நாரை நொதிக்க வைத்து, குடல் சுவருக்கே உணவாக்கித் தருகின்றன. இடத்தை நிரப்பி உட்கார்ந்துகொண்டு நோய்க்கிருமிகள் குடியேறாமலும் பார்த்துக்கொள்கின்றன. மூடாக்கு இல்லாத வெற்று நிலத்தில் களைதானே முதலில் முளைக்கும்? அதேபோல, ஆண்டிபயாடிக் வெறுமையாக்கிய குடலில் 'கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்' என்ற கிருமி பெருகி, கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குவது மருத்துவர்கள் நன்கு அறிந்த விசயம்.

டென்மார்க்கில் 12 ஆரோக்கியமான ஆண்களுக்கு வீரியமான மூன்று ஆண்டிபயாடிக்குகளை நாலு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 2018-இல் வெளியானது. குடல் நுண்ணுயிர்கள் ஒன்றரை மாதத்தில் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பின. ஆனால் முன்பு எல்லோரிடமும் இருந்த 9 வகைகள், ஆறு மாதம் கழித்தும் பெரும்பாலானவர்களிடம் தென்படவில்லை. நாலு நாள் மருந்துக்கே இந்தக் கதி!

இதைப் படித்துவிட்டு, "இனிமே மாத்திரையே தொடமாட்டேன்" என்று யாரும் கிளம்பிவிடாதீங்க. காசநோய்க்கும், பாக்டீரியாவால் வரும் நிமோனியாவுக்கும், சீழ்வைத்து உடம்பெல்லாம் பரவும் புண்ணுக்கும் ஆண்டிபயாடிக் உயிர் காக்கும் மருந்து. அங்கே கசாயத்தை நம்பி நாளைக் கடத்துவது ஆபத்து. 1943-இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து கிடைத்தது. காசநோயை எதிர்த்து நின்ற முதல் ஆண்டிபயாடிக் அதுதான். மண் கொடுத்த அந்த வரத்தைச் சளிக்கும் தும்மலுக்கும் வீணாக்கினால், கிருமிகள் அதற்குப் பழகிக்கொள்ளும். உண்மையில் தேவைப்படும் நாளில் மருந்து கைவிட்டுவிடும்.

நம் தொழுவத்திலும் இதே கதைதான். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, கால்நடை மருத்துவர் சொன்ன நாள் முடியும்வரை கறந்து கீழே ஊற்றத்தான் வேண்டும். கன்றுக்கும் கொடுக்கக் கூடாது. உடம்புக்குள் போன மருந்தில் ஒரு பகுதி சாணத்திலும் கோமியத்திலும் அப்படியே வெளியேறும். அந்தச் சாணத்தை எடுத்து அமுதக்கரைசல் போட்டால், நுண்ணுயிரைப் பெருக்க வைத்த தொட்டியில் நாமே நுண்ணுயிர்க்கொல்லியைக் கலந்த மாதிரிதானே? சிகிச்சையில் இருக்கும் மாட்டின் சாணத்தை நான் இப்போ தனியே ஒதுக்கிவிடுகிறேன்.

எனக்கு நானே மூன்று கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். சீட்டு இல்லாமல் ஆண்டிபயாடிக் வாங்குவதில்லை. மருத்துவர் எழுதினால், "இது பாக்டீரியாத் தொற்றுதானா சார்?" என்று கேட்டுவிடுகிறேன். தேவை என்று அவர் சொன்னால், சொன்ன அளவில், சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடுவேன். மிச்ச மாத்திரையை அடுத்த சளிக்கு எடுத்து வைப்பதில்லை.

மண்ணில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்காக ஊரோடு சண்டை போட்டவர்கள் நாம். வயிற்றுக்குள் இருப்பவர்களுக்காகவும் கொஞ்சம் பேச வேண்டாமா?