மூடிய முற்றம்



திண்டிவனத்தில் எங்கள் பெரியப்பா வீடு மெட்ராஸ் டெரஸ் வீடு. தேக்கு விட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லி கொட்டி இடித்து, தட்டோடு பதித்த கூரை. சித்திரையிலும் கூடத்தில் பாய் விரித்துத் தூங்கலாம்.

பத்து வருடம் முன்பு சாரல், குரங்கு, திருட்டு பயம் என்று காரணம் அடுக்கி முற்றத்தைத் தகர ஷீட்டால் மூடினோம். மேலே போக வேண்டிய அனல் வீட்டுக்குள்ளேயே சுற்றியது. ஏசி வந்தது, பின்னாலேயே கரண்ட் பில்லும் வந்தது. மூடச் சொன்னவன் நான்தான்.

இப்போது தம்பி குடும்பத்துக்கு இரண்டு அறை வேண்டும். இடித்துக் கட்டலாம் என்றார்கள் சிலர். சுவரைச் சுரண்டிப் பார்த்த கொத்தனார், "மாடி ஏத்தாதீங்க, சிமென்ட்டும் பூசாதீங்க, சுவருக்கு மூச்சு முட்டும்" என்றார். உண்மைதான், சிமென்ட் பூச்சு உள்ளீரத்தை வெளியே விடாது. பழைய பகுதிக்குச் சுண்ணாம்புப் பூச்சு என்று முடிவானது.

புது அறைகள் பின்கட்டில். மேற்கு ஓரத்தில் படிக்கட்டும் குளியலறையும் நின்று மாலை வெயிலை வாங்கிக்கொள்ளும். சுவருக்கு, நம் மாவட்டத்து ஆரோவில்லில் பல காலமாகச் செய்துவரும் மண் கல்: மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்தி எடுப்பது, சூளை வேண்டாம். புதுத் தளத்துக்கு மேலே வெள்ளை அடிக்கிறோம்.

சோலாரும் உண்டு. 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஆனால் அது கடைசியில்தான். கூரையைக் கொதிக்க விட்டுவிட்டு சோலார் போடுவது, ஓட்டைக் குடத்தை வைத்துக்கொண்டு கிணறு வெட்டுவது போல. சோலாருக்கு முன் 75 வாட் இழுக்கும் பழைய ஃபேன்களையும் மாற்ற வேண்டும், பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட் சொச்சம்தான்.

முற்றத்தைத் திறப்பதில்தான் பெரியம்மாவுக்குத் தயக்கம். 2024 ஃபெஞ்சல் புயலில் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியதை யார் மறப்பார்கள்? அடைந்து கிடந்த சலதாரையைத் தோண்டித் தெருவரை சரிசெய்த பிறகே ஷீட்டைக் கழற்ற விட்டார். மறுநாள் காலை அங்கே கூழ் வடகம் காய்ந்துகொண்டிருந்தது.

உங்கள் வீட்டு முற்றம் இன்னும் திறந்திருக்கிறதா? ஒரு படத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்