அகதி என்று அழைக்க மறுத்தவர்கள்

ஹைதி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி அரிஸ்டைடை 1991 செப்டம்பர் 30 அன்று அந்நாட்டு ராணுவம் கவிழ்த்தது. கொலைவெறிக்குத் தப்பி மரப்படகுகளில் ஏறிய ஏழை மக்களை அமெரிக்கக் கடலோரக் காவல்படை நடுக்கடலில் மறித்தது. 1981இல் சர்வாதிகாரி துவாலியேவுடன் ரீகன் அரசு செய்துகொண்ட உடன்பாடே இந்த வழிமறிப்பின் தொடக்கம். பிடிபட்டோர் கியூப மண்ணிலுள்ள குவாண்டனாமோ கடற்படைத் தளத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கூடாரம் அடித்ததும் உணவு வழங்கியதும் முள்கம்பி வேலிக்கு வெளியே துப்பாக்கியுடன் நின்றதும் ராணுவமே. இதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘மனிதாபிமான நடவடிக்கை’!

அதிகாரிகளின் ஆவணங்களில் இம்மக்கள் ‘புலம்பெயர்வோர்’ மட்டுமே. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் இச்சொல்லை எளிதில் கடந்துவிட முடியாது. கதியற்றவரே அகதி. அப்படி அழைத்துவிட்டால் கதி தரும் கடமையும் வந்து சேரும். ஆகவே சொல்லையே மாற்றினார்கள்.

ராணுவத் தளம் ஏன்? அங்கே இடம் இருந்தது என்பது பாதி உண்மை. நீதிமன்றத்தில் அமெரிக்க அரசு முன்வைத்த வாதத்தில் மீதி இருக்கிறது: குவாண்டனாமோவின் இறையாண்மை கியூபாவுடையது, எனவே அமெரிக்க அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு அங்கே செல்லாது. அதே மண்ணைத் திருப்பிக் கொடு என்று கியூபா கேட்டாலோ, 1903ஆம் ஆண்டுக் குத்தகையை நீட்டுவார்கள். உரிமை கேட்பவனுக்கு அது கியூபா. கியூபாவுக்கு அது அமெரிக்கா.

1992 மே மாதம் தந்தை புஷ், விசாரணையே இன்றிப் படகுகளைத் திருப்பியனுப்ப ஆணையிட்டார். தேர்தல் மேடையில் அதைக் கண்டித்த கிளிண்டன், பதவியேற்றதும் அதையே தொடர்ந்தார். புகலிடம் கோரத் தக்க காரணம் உண்டென்று விசாரணையில் ஏற்கப்பட்ட சுமார் 270 பேரை, எச்.ஐ.வி. தொற்றைக் காட்டித் தனி முகாமில் அடைத்து வைத்தனர். நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தினரும் மாதக்கணக்கில் அங்கே கிடந்தனர். 1993 ஜனவரியில் உண்ணாவிரதம் தொடங்கினர். ஏல் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் அவர்களுக்காக வழக்காடினர். ஜூன் மாதம் நியூயார்க் நீதிபதி ஒருவர் அவர்களை விடுவிக்க உத்தரவிட்டார். இரண்டே வாரங்களில் உச்ச நீதிமன்றமோ, கடலிலேயே திருப்பியனுப்புவது சட்டப்படி சரி என்று 8க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

முகாமில் இருந்தோர் வெளியே வந்தனர். ஆனால் அவர்களை விடுவித்த தீர்ப்பு பின்னாளில் எவருக்கும் முன்னுதாரணமாக உதவக்கூடாதென்று, மேல்முறையீட்டைக் கைவிடுவதற்கு விலையாக அத்தீர்ப்பையே ரத்துசெய்ய வைத்தது கிளிண்டன் அரசு. 1994இல் அதே தளத்தில் ஹைதியரும் கியூபரும் பல்லாயிரக்கணக்கில் அடைக்கப்பட்டனர். 2025 ஜனவரியில் அங்கே 30,000 பேருக்கு இடம் ஆயத்தம் செய்யுமாறு டிரம்ப் ஆணையிட்டபோது, கூடாரமடிக்க மீண்டும் படைவீரர்களே அனுப்பப்பட்டனர்.