சுவரிலிருந்து இறக்கப்பட்டவர்கள்

மேலூருக்கு அருகே ஒரு சிற்றூரில் புதுமனை மந்திரிப்புக்குச் சென்றிருந்தோம். பங்குத்தந்தை செபித்துத் தீர்த்தம் தெளித்தபின், வீட்டார் கூடத்தின் பெரிய சுவரைக் காண நம்மை அழைத்தனர். கிளை பரப்பிய மரமொன்றின் உருவம் அதில் ஒட்டப்பட்டிருந்தது. கிளைதோறும் சிறு சட்டங்களில் பிள்ளைகளின் பிறந்தநாள் படங்கள். நடுவே துணியில் அச்சிட்ட மணமக்கள் படம், ஆளுயரத்தில். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய ஓட்டுவீட்டில் நாம் பலமுறை கண்டிருந்த பாட்டியின் கறுப்புவெள்ளைப் படத்தைக் காணோம். எங்கே என்று வினவினோம். "பரணில் இருக்கிறது. புதுச் சுவரின் நிறத்துக்கு அது ஒத்துவரவில்லை" என்று விடை வந்தது.

அந்த விடை நம்மை விட்டகலவில்லை. அதனாலேயே இதை எழுதுகிறோம். சுவரில் மாட்டும் குடும்பப் படம் வெறும் அலங்காரப் பொருளன்று. 'இவர் எம்மவர்' என்று வருவோர் போவோர் அனைவர் முன்னும் நாம் செய்யும் அறிக்கை அது. அதை அலங்காரமாகக் கொள்ளத் தொடங்கிய நாள்முதல், பார்வைக்கு உகந்தவர் யார், மதிப்புக்கு உகந்தவர் யார் என்று உறவுகளைப் பொறுக்கியெடுக்கவும் தொடங்கிவிட்டோம். இதுவே நம் குற்றச்சாட்டு.

ஏழை எளியோரின் முகம் சுவரேறியது எளிதில் நிகழ்ந்ததன்று. புகைப்படக்கலை 1839இல் பிரான்சில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி மதுரையின் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். தூணுக்கும் கோபுரத்துக்கும் அன்றே கிடைத்த பேறு, வயலில் குனிந்து நின்றவர்களுக்கு வாய்க்க நெடுங்காலம் ஆயிற்று. படமெடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சம் ஒருபுறம். கையில் காசில்லாமை மறுபுறம். பலருக்கு முதற்படமே இறந்தபின் எடுத்த படம்தான். உடலை நாற்காலியில் அமர்த்தி, மாலையிட்டு, சுற்றிலும் பிள்ளைகளை நிறுத்தி எடுத்தார்கள். வேறு பலருக்கு அதுவும் இல்லை. 1993இல் வாக்காளர் அடையாள அட்டைத் திட்டம் வந்தபோதுதான் எத்தனையோ கிராமத்துத் தாய்மார் முதன்முறையாகப் படக்கருவியின் முன் அமர்ந்தனர். அவர்கள் மறைந்தபின் அந்தச் சிறு முகத்தையே பெரிதாக்கி மாட்ட வேண்டியிருந்தது.

அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரைக்கு முன், சிரிக்கத் தெரியாமல் விறைத்து நிற்கும் அந்த ஸ்டுடியோ படங்களை இன்று ஆய்வாளர்கள் தேடித் திரிகின்றனர். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடிக் கணினிப் படிகளாக்கிக் காத்துள்ளது. யாரோ பெற்ற பாட்டியின் அருமை அவர்களுக்குத் தெரிகிறது. நம்முடைய பாட்டியையோ நாம் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றுகிறோம்.

"படமெல்லாம் கைப்பேசியில் பத்திரமாக இருக்கிறதே" என்பார் சிலர். இருக்கட்டும். கைப்பேசி ஒருவருடைய சட்டைப்பைக்குள் கிடப்பது. அவர் திறந்தாலன்றி எவரும் காணார். சுவரோ வீட்டார் அனைவருக்கும் பொது. தவழும் குழந்தை நிமிர்ந்து பார்த்து 'இது யார்?' என்று கேட்பது சுவரிலுள்ள படத்தைப் பார்த்துத்தான். "இறந்தோர் படம் கூடத்தில் இருந்தால் மங்கலக் குறைவு" என்பாரும் நம்மிடையே உண்டு. இறந்தோரின் உயிர்ப்பை நம்புவதாக ஞாயிறுதோறும் அறிக்கையிடும் வாய் இதையும் சொல்லலாமா?

அழகு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எதை முதலில் வைப்பது என்பதே கேள்வி. மேலூர் வயல்களுக்கு நீர் தரும் பெரியாறு அணை 1895இல் பயனுக்கு வந்தது. அதைக் கட்டிய பென்னிகுவிக்கின் படத்தைத் தேனி மாவட்டத்தில் இன்றும் வீடுகளில் மாட்டியிருக்கின்றனர். 2013இல் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. அவருடைய மீசை சுவரின் நிறத்துக்கு ஒத்துப்போகிறதா என்று எவரும் ஆராயவில்லை. நன்றியே அப்படத்தைச் சுவரில் ஏற்றியது. அதே நீரில் முழங்காலளவு நின்று நாற்று நட்டு, அந்தக் கூலியில் நம்மைப் படிக்கவைத்த பாட்டிக்கு அந்த நன்றியில் பங்கில்லையா?

இதனினும் கொடியது ஒன்றுண்டு. இறக்கப்பட்ட படங்கள் எல்லாமே நிறத்துக்காக இறக்கப்பட்டவை அல்ல. பழைய சுண்ணாம்புச் சுவரில், படம் இருந்த இடம் மட்டும் நீள்சதுரமாக வெளுத்துத் தெரியும். அது யார் படம் என்று கேட்டால் வீடே மௌனமாகிவிடுகிறது. சாதி கடந்து மணந்த மகளின் படம் அது. குழுப்படத்தில் அவள் நின்ற ஓரத்தைக் கத்தரித்திருப்பார்கள். அவள் தோளைப் பற்றியிருந்த தங்கையின் கை மட்டும் பாதியில் அறுந்து நிற்கும். திருமுழுக்கில் சாதி கரைந்துவிட்டது என்று மேடையில் முழங்குகிறோம். வீட்டுக் கத்தரிக்கோலுக்கு அச்செய்தி எட்டவில்லை போலும்! இவ்வாறே மனநலம் குன்றிய தம்பியும், கைம்பெண்ணாகிப் பிறந்தகம் வந்து உழைத்துத் தேய்ந்த அத்தையும் சுவரில் இடம் பெறாமலே போய்விடுகின்றனர்.

மத்தேயு நற்செய்தியின் முதற்பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆண்டவருடைய குடும்பத்தாரின் வரிசை அங்கே இருக்கிறது. அதில் தாமார் இருக்கிறார், இராகாபு இருக்கிறார், ரூத்து இருக்கிறார், உரியாவின் மனைவியும் இருக்கிறார். வேற்றினத்தவர் என்றோ, ஊர் வாய் பேசும் என்றோ நற்செய்தியாளர் ஒருவரையும் நீக்கவில்லை. இறைமகனே மறைக்காத உறவை மறைக்க நாம் யார்?

இனிச் செய்யவேண்டியது பெரிய செலவுக்குரியதன்று. பரணிலிருந்து படங்களை இறக்குங்கள். முதியோர் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுங்கள். வெள்ளியால் உருவான பழைய கறுப்புவெள்ளைப் படம் நெடுங்காலம் நிற்கும். 1970, 1980களின் வண்ணப் படங்களோ சாயத்தால் ஆனவை. சிவந்து மங்கிக்கொண்டிருக்கும் அவற்றை முதலில் படியெடுங்கள். ஒரே ஒரு படம்தான் இருக்கிறதென்றால், படியைச் சுவரில் மாட்டி, மூலத்தை ஈரமும் வெளிச்சமும் படாத இடத்தில் வையுங்கள். வெயில் நேரே விழும் சுவரும் மழைநீர் ஊறும் சுவரும் ஆகா. கண்ணாடி படத்தோடு ஒட்டிவிடாதபடி இடையே அட்டை விளிம்பு இருக்கட்டும்.

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மலர் தூவி, மெழுகுதிரி ஏற்றுகிறோம். ஆண்டுக்கொருமுறை கல்லறையில் காட்டும் அன்பை ஆண்டு முழுவதும் வீட்டிலும் காட்டுவோம். பாட்டியின் படத்தைப் புதுவீட்டுக் கூடத்தில் மாட்டுவோம். அதற்கு முன், உயிரோடிருக்கும் மகளின் படத்தை அதன் பழைய இடத்தில் மாட்டிவிட்டு, அவளையும் அவள் பிள்ளைகளையும் அதைக் காண வீட்டுக்கு அழைப்போம்.