ஆறுதலுக்கு மட்டுமா ஜப்பானிய நாவல்?

ஆங்கிலப் புத்தகக் கடைகளில் ஜப்பானிய நாவல்களுக்கு இன்று கிடைத்திருக்கும் இடம், ஆசிய மொழி எதற்கும் இதுவரை கிடைக்காதது. பிரிட்டனில் 2022-இல் விற்ற மொழிபெயர்ப்புப் புனைகதைகளில் நான்கில் ஒரு பங்கு ஜப்பானிய மொழியிலிருந்து வந்தவை என்கிறது நீல்சன் நிறுவனத்தின் விற்பனைக் கணக்கு. இந்தியக் கடைகளிலும் அதே நூல்கள்தான் கண்ணில் படுகின்றன. அவற்றின் அட்டைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்போல இருக்கும்: ஒரு பூனை, ஒரு காபிக் கோப்பை, பழைய புத்தகக் கடை, விளக்கு எரியும் ஜன்னல். மனம் சோர்ந்த ஒருவர் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போகிறார், அன்பான சிலரைச் சந்திக்கிறார், தேறி வெளியே வருகிறார். ஜப்பானிய நாவல் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம் வாசகர்களிடம் வேரூன்றிவருகிறது. இது தவறான எண்ணம் என்பதோடு, அந்த நாட்டின் இன்றைய எழுத்தாளர்களுக்கு இழைக்கப்படும் அநியாயமும்கூட என்பது என் கருத்து. வேலை, உடல், வறுமை, அரசு ஆகியவற்றைப் பற்றிக் கடுங்கோபத்தோடு எழுதும் தலைமுறை ஒன்று அங்கே இருக்கிறது. அவர்களின் நூல்களும் ஆங்கிலத்தில் வந்துவிட்டன. ஆனால், ஆறுதல் என்ற பெயர்ப்பலகையின் நிழலில் அவை சரியாக வாசிக்கப்படாமல் கிடக்கின்றன.

சயாகா முராதாவின் ‘கன்வீனியன்ஸ் ஸ்டோர் உமன்’ நாவலை எடுத்துக்கொள்வோம். 2016-இல் அகுதாகவா விருது பெற்ற இது, ஜின்னி டாப்லி டாகெமோரியின் மொழிபெயர்ப்பில் 2018-இல் ஆங்கிலத்துக்கு வந்தது. 36 வயதுக் கெய்கோ 18 ஆண்டுகளாக ஒரே கடையில் பகுதிநேர ஊழியராக இருக்கிறாள். திருமணம் இல்லை, நிரந்தர வேலை இல்லை. சுற்றியிருப்பவர்கள் அவளை எப்படியாவது ‘சரிசெய்ய’ முயன்றுகொண்டே இருக்கிறார்கள். ஆங்கில விமர்சனங்கள் பல இதை ஒரு விசித்திரமான பெண்ணின் வேடிக்கைக் கதையாகக் கொண்டாடின. ஜப்பானில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களில் பத்துக்குக் கிட்டத்தட்ட நான்கு பேர் நிரந்தரமற்ற ஊழியர்கள், அவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதை நினைவில் வைத்து இதே நாவலைப் படித்தால் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும். கடைக்கு ஏற்றவாறு தன் பேச்சு, உடை, உறக்கம் அனைத்தையும் மாற்றிக்கொண்ட ஓர் ஊழியரை இந்த நாவல் காட்டுகிறது. அந்த மாற்றத்தில் அவள் மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்பதுதான் இதன் மிகக் கூர்மையான விமர்சனம். பல ஆண்டுகள் அப்படிப்பட்ட கடையில் வேலை பார்த்தவர் முராதா. வெளியே நின்று வேடிக்கை பார்த்து எழுதியவர் அல்ல.

ஹிரோகோ ஒயமாடாவின் ‘தி ஃபேக்டரி’ இன்னும் ஓர் அடி மேலே போகிறது. ஜப்பானில் 2013-இல் நூலாகி, டேவிட் பாய்டின் மொழிபெயர்ப்பில் 2019-இல் வெளியான சிறிய நாவல் இது. ஓர் ஊரையே விழுங்கிய பிரம்மாண்டமான தொழிற்சாலையில் மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். ஒருத்தி நாள் முழுக்கக் காகிதத்தைத் துண்டாக்கும் இயந்திரத்தின் முன் நிற்கிறாள். இன்னொருவர் எதற்கென்றே புரியாத ஆவணங்களில் பிழை திருத்துகிறார். மூன்றாமவர் கூரைகளில் பாசி வளர்க்கும் ஆராய்ச்சிக்கு அமர்த்தப்பட்டவர். இந்தத் தொழிற்சாலை என்ன தயாரிக்கிறது என்பது அவர்களுக்குக் கடைசிவரை தெரியவராது. பத்தி பிரிக்காமல், காலம் எப்போது நகர்ந்தது என்று சொல்லாமல் ஒயமாடா எழுதும் முறை, வாசிப்பவரையும் அந்த வேலையின் மந்தத்துக்குள் இழுத்துப் போடுகிறது. ஒப்பந்த ஊழியர்கள் பெருகிக்கொண்டேபோகும் எந்த நாட்டிலும் இது பரவலாகப் பேசப்பட்டிருக்க வேண்டிய நாவல்.

யூ மிரியின் ‘டோக்கியோ உயெனோ ஸ்டேஷன்’ கதை வேறு. யூ மிரி ஜப்பானில் பிறந்து வளர்ந்த கொரிய வம்சாவளியினர். அவருடைய நாயகன் கசு, ஃபுகுஷிமா வட்டாரத்தில் 1933-இல் பிறந்தவன். பேரரசராக இருந்த அகிஹிதோ பிறந்ததும் அதே ஆண்டில்தான். குடும்பத்துக்குப் பணம் அனுப்புவதற்காக டோக்கியோ வந்து, 1964 ஒலிம்பிக்குக்கான கட்டுமான வேலைகளில் உடம்பை உருக்குகிறான். முதுமையில் உயெனோ பூங்காவில் நீலத் தார்ப்பாய்க் கூடாரத்தில் தங்குகிறான். அரச குடும்பத்தினர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அதிகாரிகள் கூடாரங்களை அப்புறப்படுத்தச் சொல்கிறார்கள். இத்தனையையும் நமக்குச் சொல்வது செத்துப்போன கசுவின் குரல். நகரத்தைக் கட்டியவனே நகரத்தின் கண்ணுக்கு அசிங்கமாகிவிடுவதை இவ்வளவு அடக்கமான சினத்தோடு சொன்ன நாவல்கள் குறைவு. 2020 ஒலிம்பிக் டோக்கியோவுக்குக் கிடைத்த மறு ஆண்டே, 2014-இல், இது ஜப்பானில் வெளியானது. மார்கன் கைல்ஸ் மொழிபெயர்த்த ஆங்கிலப் பதிப்பு 2020-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்றது. அப்படியிருந்தும், ஜப்பானிய இலக்கியம் பற்றிய பொதுப் பேச்சில் இந்நூலின் பெயர் காபிக் கடை நாவல்களுக்குப் பிறகுதான் வருகிறது.

இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் நாஃப் பதிப்பகம் தானிசாகி, கவபாதா, மிஷிமா ஆகிய மூவரை முன்னிறுத்தி ஜப்பானிய நாவலை ஆங்கில உலகத்துக்கு அறிமுகம் செய்தது. மூவருமே பெரிய கலைஞர்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அழகு, மௌனம், மறைந்துபோன காலத்தின் ஏக்கம் என்ற வார்ப்பில் ஜப்பான் அன்று ஊற்றப்பட்டது. எதிரி நாடாக இருந்து நட்பு நாடாக மாறிய ஒன்றுக்கு அந்த வார்ப்பு வசதியாக இருந்தது. தொழிலாளர் இலக்கியம் அதில் சேரவில்லை. கோபயாஷி தகிஜி 1929-இல் எழுதிய ‘கனிகோசென்’ நாவல், கடலில் நண்டு பிடித்துப் பதப்படுத்தும் கப்பலின் கூலிகள் பட்ட கொடுமையைச் சொன்னது. எழுதியவரை 1933-இல் போலீஸ் அடித்தே கொன்றது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, 2008-இல், தற்காலிக வேலைகளில் சிக்கியிருந்த ஜப்பானிய இளைஞர்கள் அதை லட்சக்கணக்கில் வாங்கிப் படித்தார்கள். ஜப்பானிய வாசகர்கள் தங்கள் வாழ்க்கையின் கதையாக அடையாளம் கண்ட ஒரு நூல், ஆங்கிலத்தின் ஜப்பான் சித்திரத்தில் ஓரத்தில்கூட இல்லை.

இன்று வார்ப்பு மாறியிருக்கிறது, வார்ப்பில் ஊற்றும் பழக்கம் மாறவில்லை. எந்த நூல் எப்போது மொழிபெயர்க்கப்படுகிறது என்று பாருங்கள். சதோஷி யாகிசாவாவின் மொரிசாகி புத்தகக் கடை நாவல் ஜப்பானில் 2010-இல் வந்தது. ஆங்கிலத்துக்கு வந்தது 2023-இல், ஆறுதல் நாவல்கள் நன்றாக விற்கத் தொடங்கிய பிறகு. யோகோ ஒகாவாவின் ‘தி மெமரி போலீஸ்’ 1994-இன் நாவல். ஆனி ஃபிராங்கின் நாட்குறிப்பிலிருந்து ஊக்கம் பெற்றதாக ஒகாவா சொன்ன அந்தப் படைப்பு, 2019-இல்தான் ஸ்டீபன் ஸ்னைடரின் மொழிபெயர்ப்பில் வெளியானது. கண்காணிப்பு அரசு பற்றிய அச்சம் மேற்கில் உச்சத்தில் இருந்த நேரம் அது; புத்தம்புது எச்சரிக்கைபோல அதை வாசித்தார்கள். நல்ல நூல் எப்போது வந்தாலும் நல்லதே. ஆயினும், ஜப்பானுக்குள் எது முக்கியம் என்ற கேள்வி இந்தத் தேர்வுகளில் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது என்பது தெளிவு. ஒகினாவா எழுத்தாளர் மெதொருமா ஷுன், 1945-இல் அமெரிக்கச் சிப்பாய்கள் ஓர் இளம்பெண்ணைச் சீரழித்ததையும் அந்தக் காயம் தலைமுறைகள் தாண்டி நீடிப்பதையும் வைத்து எழுதிய நாவல், ஒரு சிறிய பதிப்பகத்தின் வழியாக 2017-இல் ஆங்கிலம் சேர்ந்தது. அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலர்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. ஆறுதல் நாவல்களை ஆங்கிலப் பதிப்பாளர்கள் கற்பனையில் உருவாக்கவில்லை, ஜப்பானியர்களே அவற்றை விரும்பிப் படிக்கிறார்கள் என்பது முதலாவது. உண்மைதான். தோஷிகாசு கவாகுச்சியின் ‘பிஃபோர் தி காஃபி கெட்ஸ் கோல்ட்’ மேடை நாடகமாகத் தொடங்கி, 2015-இல் நாவலாகி, அங்கேயே பெரும் வெற்றி பெற்றது. ஆனால் ஆறுதலைத் தேடும் மனநிலை ஜப்பானில் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பொருளாதாரம் சரிந்து கிடந்த 1995-இல் கோபே நிலநடுக்கம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இரண்டே மாதங்களில் டோக்கியோ சுரங்க ரயிலில் ஒரு மதக் குழு நச்சுவாயுத் தாக்குதல் நடத்தியது. மனக்காயத்துக்கு மருந்து தேடும் பண்பாடு அந்தக் காலத்தில்தான் அங்கே பெரிதாக எழுந்தது. கவாகுச்சியின் கடைக்கு வருபவர்களும் மறதி நோயில் கணவனை இழந்துகொண்டிருப்பவர்கள், தங்கையைச் சாகக் கொடுத்தவர்கள். கடந்த காலத்துக்குப் போகலாம், நிகழ்காலத்தை மாற்ற முடியாது என்பது அந்தக் கடையின் கறாரான விதி. ஏற்றுமதியாகும் அட்டையில் காயம் அழிக்கப்பட்டு மருந்து மட்டும் மிஞ்சுகிறது. மேலும், ஜப்பானியக் கடைகளில் இந்நூல்கள் மற்ற எல்லா வகை நூல்களோடும் சேர்ந்து இருக்கின்றன. அங்கே பலவற்றில் ஒன்றாக இருப்பது, ஆங்கிலத்தில் ஒரு நாட்டின் முகமாகிவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு: இலகுவான நூல்கள் வாசலாக அமைகின்றன, அவற்றின் வழியே நுழைபவர்கள் பின்னர் கனமான நூல்களுக்குப் போவார்கள், பதிப்பகங்களும் பிழைக்க வேண்டாமா? இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. விற்கும் நூலின் வருமானத்தில் விற்காத நூலை வெளியிடுவது பதிப்புத் தொழிலின் பழைய வழக்கம். ஆனால், வாசகர்களால் கோபத்தைத் தாங்க முடியாது என்ற அனுமானம் இந்த வாதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதை அசாகோ யுசுகியின் ‘பட்டர்’ உடைத்துவிட்டது. ஆண்களைச் சமையலால் வசப்படுத்திக் கொன்றதாகச் சிறையில் இருக்கும் ஒருத்தியை வாரப் பத்திரிகைச் செய்தியாளர் ரிகா சந்திக்கிறாள். அவள் சொன்னபடி வெண்ணெய் போட்டுச் சாப்பிடத் தொடங்கிய ரிகாவின் எடை கூடுகிறது. சில கிலோ கூடியதற்கே அலுவலகமும் காதலனும் அவளை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை விவரிக்கும் பக்கங்கள், பெண்ணுடல் மீதான வெறுப்பைப் பற்றி அண்மையில் எழுதப்பட்ட மிகக் காட்டமான பக்கங்களில் சேரும். போலி பார்ட்டன் மொழிபெயர்த்த இந்த நாவல் பிரிட்டனில் அமோகமாக விற்று, வாட்டர்ஸ்டோன்ஸ் கடைகளின் 2024-ஆம் ஆண்டு நூலானது. வாசகர் தயாராகத்தான் இருக்கிறார்.

அதே பார்ட்டன் மொழிபெயர்த்த சாவோ இச்சிகாவாவின் ‘ஹன்ச்பேக்’ 2025-இல் வெளிவந்தது. பிறவித் தசைநோயோடு சுவாசக் கருவியின் துணையில் வாழும் இச்சிகாவா, 2023-இல் இதற்காக அகுதாகவா விருது பெற்றார். கனமான காகிதப் புத்தகத்தைக் கையில் பிடித்து, பக்கம் புரட்டி, கடைக்கு நடந்துபோய் வாங்கிப் படிப்பதுதான் உண்மையான வாசிப்பு என்று கொண்டாடும் பண்பாட்டை இவருடைய நாயகி வெறுக்கிறாள். அந்தக் கொண்டாட்டத்தில் தன்னைப் போன்ற உடல்களுக்கு இடமே இல்லை என்கிறாள். பழைய புத்தகக் கடையின் இதத்தை விற்கும் நாவல்களுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் படியுங்கள். ஒரே நாட்டின் ஒரே காலத்து இலக்கியம் எவ்வளவு அகலமானது என்பது அப்போது புரியும். களைத்தவர் ஆறுதல் தேடிப் படிப்பதில் எந்தக் குறையும் இல்லை. ஒரு நாடே நமக்கு ஆறுதல் சொல்வதற்காக எழுதிக்கொண்டிருக்கிறது என்று நம்புவதில்தான் குறை.

தமிழில் நாம் படிக்கும் ஜப்பானியப் புனைகதைகளில் பெரும்பகுதி ஆங்கிலம் வழியாக வந்தது. ஆகவே லண்டனிலும் நியூயார்க்கிலும் நடக்கும் தேர்வு நம்முடைய தேர்வாகவும் ஆகிவிடுகிறது. நேரடியாக ஜப்பானிய மொழியிலிருந்து பெயர்ப்பவர்கள் பெருகும்வரை இந்தச் சார்பு தொடரும், ஆனால் அந்தச் சார்புக்குள்ளும் தேர்ந்தெடுக்க நமக்கு உரிமை இருக்கிறது. அடுத்த பூனை நாவலுக்கோ காபிக் கடை நாவலுக்கோ உரிமை வாங்கும் முன், தமிழ்ப் பதிப்பாளர்கள் யூ மிரியையும் ஒயமாடாவையும் இச்சிகாவாவையும் மெதொருமாவையும் படித்துப் பார்க்க வேண்டும். இவர்களில் ஒருவரையாவது இந்த ஆண்டு தமிழுக்குக் கொண்டுவாருங்கள்.