இருநாட் பயணமும் ஒரு வினாவும்

அயல்நாடு சென்று பயிலும் நம் மாணவர், சனி ஞாயிறு இரண்டும் ஓய்வாகக் கிடைத்தவுடன் நண்பர் நால்வர் ஐவராய்க் கூடி அண்டை நாட்டு நகரொன்றைக் கண்டு மீளும் வழக்கம் இக்காலத்திற் பெருகியுள்ளது. இதுபற்றி இருவகைக் கருத்துக்கள் வழங்குகின்றன. ஊரிலுள்ள பெரியோர், “கடன் வாங்கி அனுப்பியது படிப்பதற்கா, ஊர் சுற்றுவதற்கா?” என வினவுகின்றனர். உடன் பயிலும் நண்பரோ, “இவ்வளவு தொலை வந்தும் பாராமற் போவதா?” என்று, காணத்தக்க இடங்கள் பத்து எனக் கைப்பேசி காட்டுவனவற்றுள் ஒன்றும் விடாது ஓடியோடிக் கண்டு, ஒவ்வொன்றன் முன்னும் நின்று படமெடுத்துக்கொண்டு மீள்கின்றனர். முன்னவர் பயணமே வீண் என்பர். பின்னவர் பயணத்தை வீணாக்குவர். எம் கருத்து இவ்விரண்டிற்கும் வேறானது. இரண்டு நாளும் பயனுடையனவே. ஆயின், அந்நகரை நோக்கிக் கேட்பதற்கு ஒரு வினாவையேனும் கையிற் கொண்டு செல்லல் வேண்டும்.

சுவீடன் நாட்டின் தென்பகுதியிலுள்ள லுண்ட் நகரில் ஒரு பருவம் பயிலச் சென்ற யாம் நால்வர், சனிக்கிழமை காலையிற் புகைவண்டியேறி, டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனுக்குச் சென்றோம். (மின்னால் ஓடும் வண்டியையும் புகைவண்டி என்றே அழைத்தல் தமிழர் வழக்கு, அது நிற்க.) இரு நாட்டிற்கும் இடைக்கிடந்த நீரிணையைக் கடக்க 2000-ஆம் ஆண்டிற் திறக்கப்பெற்ற வழி வியக்கத்தக்கது. ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பாலத்தின்மேற் செல்லும் வண்டி, கடலிற் கட்டிய செயற்கைத் தீவொன்றில் 4 கிலோமீட்டர் ஓடி, எஞ்சிய 4 கிலோமீட்டரைக் கடலடிச் சுரங்கத்திற் கடக்கின்றது. அத்தீவின் பெயர் பெபர்ஹோம். மிளகுத்தீவு என்பது பொருள். அருகே இயற்கையாய் அமைந்த தீவு உப்புத்தீவு எனப் பெயர் பெற்றிருந்தமையின், அதற்கு இணையாக விளையாட்டாய் இட்ட பெயராம். விளையாட்டேயாயினும், மிளகு தேடித் தமிழ்நாட்டுக் கரைக்குக் கப்பல் விடுத்தவர் நாட்டு வாயிலில் இப்பெயர் நிற்பதைக் கண்டு எமக்கு நகை தோன்றிற்று.

செல்லுமுன்னரே யாம் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். ஆளுக்கொரு வினா, வினாவொன்றிற்கு அரைநாள், ஏனைய மூவரும் முணுமுணுவாது உடன்வரல் வேண்டும். இவ்வுடன்பாட்டை நண்பரோடு பயணம் செல்லும் எல்லார்க்கும் பரிந்துரைப்போம். நண்பர்க்குள் மனக்கசப்பு விளைவது பெரும்பாலும் மூன்றாம் இடத்திற்கும் நான்காம் இடத்திற்கும் இடையே, கால் வலியும் பசியும் ஒருங்கே மிகும் பொழுதிலேயாம்.

இயற்பியல் பயிலும் நண்பர் வட்டக்கோபுரத்தைத் தெரிந்துகொண்டார். நான்காம் கிறித்தியான் மன்னன் கட்டுவித்து 1642-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற அக்கோபுரத்தின் உச்சியில் வானாய்வு நிலையம் இருந்தது. மேலே செல்வதற்குப் படிவரிசை இல்லை. ஏழரைச் சுற்றாய்ச் சுழன்றேறும் சாய்தளமே உளது. “ஏன் படியில்லை?” என்பதே நண்பர் வினா. கோபுரத்தை ஒட்டிய திருச்சபைக் கட்டடத்தின் மேன்மாடத்திற் பல்கலைக்கழக நூல்நிலையம் இருந்ததென்றும், நூல்களையும் வானாய்வுக் கருவிகளையும் மேலேற்றுதற்குச் சாய்தளமே எளிதென்றும் அறிந்தோம். உருசியப் பேரரசன் பேதுரு 1716-இற் குதிரைமேல் அமர்ந்து உச்சிவரை ஏறினான் என்பர். அவ்வொரு வினா இல்லையேல், ‘அழகிய கோபுரம்’ என்னும் இரு சொல்லோடு கீழிறங்கியிருப்போம்.

வணிகவியல் நண்பர் பழைய வணிகமன்றத்தைக் காண விழைந்தார். நான்கு பறவைநாகங்களின் வால்கள் ஒன்றோடொன்று முறுக்கிய வடிவினதாகிய அதன் கூர்ங்கோபுரம் 2024-ஆம் ஆண்டு ஏப்பிரல் 16-ஆம் நாள் தீக்கிரையாகி வீழ்ந்தது. அன்று தெருவிற் சென்றோரும் உள்ளிருந்த ஓவியங்களைச் சுமந்துவந்து காத்தனர் என்னுஞ் செய்தி எம் நெஞ்சைத் தொட்டது. கடற்கன்னிச் சிலையைக் காணவேண்டுமென்ற நண்பரைப் பற்றி மிகுதியாக எழுதுதல் வேண்டா. 1913-ஆம் ஆண்டு முதல் ஒரு பாறைமேல் அமர்ந்திருக்கும் அச்சிலையின் உயரம் ஒன்றேகால் மீட்டர். அதனைச் சூழ்ந்து நின்றார் தொகையோ நூற்றுக்கு மேல். யாம் கண்டது பெரும்பாலும் பிறர் முதுகுகளே.

எம் வினா வேறு. தரங்கம்பாடியை இந்நகர் நினைவில் வைத்துள்ளதா என்பதே அது. டென்மார்க்கு வணிகக் கழகம் 1616-இல் தோன்றியதும், 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியில் இடம் பெற்றதும், 1845-இல் அவ்வூர் ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டதும் நம் மாணவர் அறிந்தனவே. நான்காம் பிரெடரிக்கு மன்னன் விடுத்த சீகன்பால்கும் புளூட்சோவும் 1706-ஆம் ஆண்டு சூலை 9-ஆம் நாள் அங்கே கரையேறினர். அப்பணியை மேற்பார்க்க 1714-இல் கோபன்ஹேகனில் ‘மிஷன் கல்லூரி’ ஒன்று நிறுவப்பட்டது. கல்லூரியென்னும் பெயர் கண்டு மயங்கற்க. அது பயிலிடமன்று, ஆட்சிக்குழு. அவ்வாண்டிலேயே சீகன்பால்கு ஐரோப்பாவிற்கு மீண்டபோது மலையப்பன் என்னும் தமிழர் உடன் சென்றார். அப்பயணத்தின் பயனாகவே 1716-இல் ஹாலே நகரிற் சீகன்பால்கின் தமிழ் இலக்கண நூல் இலத்தீன் மொழியில் அச்சேறிற்று. மூன்று நூற்றாண்டிற்கு முன் பல திங்கள் கப்பலிற் கிடந்து அக்குளிர்நாடு சேர்ந்த மலையப்பனை எண்ணுங்கால், ஒரு மணி நேரத்திற்குள் நீரிணை கடந்த எம் பயணத்தைப் பயணமென்னவும் நாணினோம்.

கிறித்தியான்சாவன் என்னும் பகுதியிற் கால்வாய்க் கரையோரம் நடந்தோம். ஆசியக் கழகத்தார் தம் அலுவற்கட்டடம் எடுத்த இடம் இன்றும் ‘ஆசியத் திடல்’ எனப் பெயர் பெற்று, அந்நாட்டு அயலுறவு அமைச்சகத்திற்கு இருப்பிடமாயுள்ளது. அண்மையிலுள்ள மீட்பர் ஆலயத்தின் கோபுரம் புறத்தே முறுக்கிச் செல்லும் படிகளை உடையது. மொத்தப் படிகள் 400. அவற்றுள் ஈற்றிலுள்ள 150 வெளிப்புறத்தே, காற்றில். ஏறினோம். துறைமுகம் முழுதும் கீழே விரிந்தது. அங்கு நின்றபொழுதுதான் எம்முள் வழக்கெழுந்தது.

தரங்கம்பாடிக்கு அருட்பணியாளரை விடுத்த அம்மன்னன் ஆட்சியிலேயே, அந்நாட்டுக் கப்பல்கள் ஆப்பிரிக்க மக்களை விலங்கிட்டு மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றன. அவ்வடிமை வாணிகத்தைத் தடுத்து 1792-இல் ஆணை பிறந்தது. 1803-இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அத்தீவுகளில் அடிமைகள் விடுதலை பெற்றது 1848-இலேதான். தீவுகள் 1917-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு விற்கப்பட்டன. சருக்கரை இறங்கிய பழைய மேற்கிந்தியப் பண்டகசாலை துறைமுகத்தே இன்றும் நிற்கின்றது. 1878-ஆம் ஆண்டுத் தொழிலாளர் கிளர்ச்சியின் தலைவியருள் ஒருவராகிய மேரி தாமசு அம்மையாரின் பேருருவத்தை, இரு பெண் கலைஞர் 2018-இல் அதன் முன்னர் நிறுத்தினர். 2020-இற் புயற்காற்று அவ்வுருவத்தைச் சிதைத்தது.

“நமக்கு அச்சுப் பொறியும் வேதமும் தந்த நகரில் நின்றுகொண்டு அடிமைக் கணக்குப் பார்ப்பது நன்றிகேடன்றோ?” என்றார் நண்பரொருவர். அவரும் கிறித்தவரே, அவர் கேட்டது நேர்மையான வினாவே. எனினும் யாம் அதற்கு உடன்படவில்லை. நமக்கு வந்த நன்மை ஒரு கப்பலிலும், ஆப்பிரிக்கர்க்கு நேர்ந்த கொடுமை வேறொரு கப்பலிலும் சென்றனவேனும், இரண்டும் புறப்பட்ட துறை ஒன்றே. ஒன்றைப் பாடி மற்றொன்றை மறைப்போமாயின், சீகன்பால்கின் தொண்டினையே சருக்கரை வணிகரோடு ஒரு கட்டில் வைத்துக் கட்டியவராவோம். தரங்கம்பாடியில் அதிகாரிகளை எதிர்த்து நின்று 1708-இற் சிறைசென்றவர் அவர். அவரை அவ்வணிகர் கூட்டத்தினின்று வேறு பிரித்துக் காணல் வேண்டின், அவ்வணிகர் செய்ததை முழுதும் அறிதல் வேண்டும். நண்பர் மறுமொழி கூறாது படியிறங்கினார். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. லுண்ட் சேர்ந்தும் பன்னாள் நடந்தது.

ஞாயிறன்று பேராலயமாகிய நம் அன்னை ஆலயத்தில் வழிபாடு. டேனிய மொழி எமக்குத் தெரியாதாயினும் வழிபாட்டின் ஒழுங்கு தெரிந்ததாகவே இருந்தது. தோர்வால்சன் என்னுஞ் சிற்பி வெண்பளிங்கிற் செதுக்கிய கிறித்துவின் உருவம் இரு கை விரித்து நிற்கின்றது. தலை தாழ்ந்திருத்தலின் அணுகிச் சென்று மேனோக்குவார்க்கே முகம் நன்கு புலப்படும். முன்னிருந்த ஆலயம் 1807-இல் ஆங்கிலேயர் நகர்மேற் குண்டெறிந்தபோது எரிந்தது. அடுத்த ஆண்டே தரங்கம்பாடியும் ஆங்கிலேயர் கைப்பட்டு, 1815 வரை அவர்பால் இருந்தது. தலைநகரில் விழுந்த குண்டு தரங்கம்பாடி மீனவர் வாழ்வையும் அசைத்தது என்பதை எமக்கு உணர்த்தியது இவ்விரு நாட் பயணமே. வகுப்பில் இவ்வாண்டுகளை வேறு வேறாகப் படித்திருந்தோம்.

செலவைப்பற்றிப் பெரியோர்க்கு ஒரு சொல். கோபன்ஹேகன் பொருள்விலை மிக்க நகர். லுண்டிற் சமைத்த எலுமிச்சைச் சோற்றைக் கட்டிச்சென்று கால்வாய்க் கரையில் உண்டோம்; பலர் ஒருங்கே படுக்கும் விடுதியறையில் ஓரிரவு தங்கினோம்; எங்கும் நடந்தே சென்றோம். கடையில் வாங்கியது தேநீர் மட்டுமே. செலவு மிகுவது காண்பதனால் அன்று. காணும் இடத்தெல்லாம் ஏதேனும் வாங்கவேண்டும் என்னும் எண்ணத்தால்.

இனி, நம் கல்லூரியார்க்கு விண்ணப்பம் ஒன்றுண்டு. அயல்நாடு செல்லும் மாணவர்க்குக் குளிர்க்கு எவ்வுடை வேண்டும், எவ்வங்கியில் பணம் இட வேண்டும் என்றெல்லாம் அறிவுரை தரப்படுகின்றது. எந்நகரில் நம்மவர் ஓலையும் ஏடும் உள்ளன என்னும் பட்டியல் தரப்படுவதில்லை. அதனைத் தமிழ்த்துறையே தொகுத்துத் தரலாம். டென்மார்க்குப் பக்கம் செல்வார் முதலில் தரங்கம்பாடி சென்று டான்சுபோர்க்குக் கோட்டையையும், 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தையும், அங்குள்ள சீகன்பால்கின் கல்லறையையும் கண்டபின் விமானம் ஏறுவாராக. ரகுநாத நாயக்கர் டேனிய மன்னனுக்குப் பொன்னேட்டில் எழுதி விடுத்த தமிழ் மடல் கோபன்ஹேகன் அரசு ஆவணக் காப்பகத்தில் உளது. அதனைக் காண விழைவார் முன்னரே எழுதி இசைவு கேட்டல் நலம். அத்தகைய அலுவலகத்தை நாடுதற்கு வேலைநாளே ஏற்றது. ஆதலின், வெள்ளிக்கிழமை ஒருநாள் விடுப்பு வேண்டி இம்மாணவர் எழுதும் கடிதத்தை ஆசிரியப் பெருமக்கள் மறுக்காதிருப்பார்களாக.